கப்பல் கம்பியில் கட்டிய மஞ்சள் அட்டை

எங்கள் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வாரம் வரும். அந்த ஏழு நாளும் சிலர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் சாப்பிடுவார்கள். எட்டாம் நாள் பழையபடி. போன தடவை, நல்ல யோசனை சொல்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். நானும் ஒன்று எழுதிப் போட்டேன். பரிசாக வழக்கம்போல ஒரு எவர்சில்வர் ஹாட்பாக்ஸ் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது இரண்டு பேருக்குக் கப்பல் டிக்கெட். சென்னைத் துறைமுகத்தில் ஏற்றி, இரண்டு ராத்திரி கடலில் சுற்றிக் காட்டி, அதே துறைமுகத்தில் இறக்கி விடுகிற உல்லாசக் கப்பல். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு இவ்வளவு பெரிய வண்டியா என்று கேட்கத் தோன்றியது. பரிசு கொடுக்கிற கையைப் பார்த்து அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

என் யோசனை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் பட்ட அவமானத்தின் முழு அழகும் உங்களுக்குப் புரியாது.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஆலையொன்றில் நான் மெயின்டனன்ஸ் பிரிவு. இருபத்திரண்டு வருடமாக மெஷினுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் பத்து விரலும் இருக்கிறது. மெஷினுக்குள் ஒருவன் கை இருக்கும்போது வெளியே இன்னொருவன் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. அதற்காக சுவிட்சில் ஒரு மஞ்சள் அட்டையைத் தொங்கவிடுவோம். ‘ஆபத்து. தொடாதே’ என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் போட்டிருக்கும். நான் சொன்ன யோசனை இவ்வளவுதான்: அட்டையைத் தொங்கவிட்டவன் தன் பெயர், பிரிவு, நேரம், காரணம் எல்லாம் அதில் எழுத வேண்டும். அவனே வந்துதான் அதைக் கழற்ற வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது, முதலாளியே ஆனாலும்.

அதை விதியாக்கிய பிறகு ஒருநாள் ஆலைத் தலைவரே ஒரு மெஷினை ஓட்டச் சொன்னார். அட்டை தொங்கியது. கட்டினவன் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் போய்விட்டான். பஸ்ஸை பாதி வழியில் நிறுத்தி, ஆளை பைக்கில் திருப்பிக் கொண்டுவரும்வரை தலைவர் அந்த மெஷின் முன்னால் நின்றார். அந்த முக்கால் மணி நேரமும் நான் முகத்தில் வருத்தத்தைப் பூசிக்கொண்டு, வயிற்றுக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்தேன்.

வீடு படப்பையில். என் மனைவி சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் செய்கிற ஆலையில் வேலை பார்க்கிறாள். கண்ணாடித் திரையில் கீறல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிற வேலை. ஜன்னல் இல்லாத கூடம். தூரம் என்று அவள் கண் பார்ப்பது ஒன்றரை அடி. கப்பல் செய்தியைச் சொன்னபோது அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கப்பல் கெளம்பறப்ப மேல நின்னு கரைய பாக்க வுடுவாங்களா?”

“வுடுவாங்க. இன்னாத்துக்கு?”

“பீச்சுல நின்னுகினு கடல எத்தினியோ தாட்டி பாத்தாச்சு. கடல்ல நின்னுகினு கரைய ஒரு தாட்டி பாக்கணும். கொஞ்சம் கொஞ்சமா சின்னதாயி போவும்ல, அத. மத்ததெல்லாம் நீங்க உங்க இஷ்டத்துக்கு பண்ணிக்கோங்க.”

“முன்வரிசையில நிக்க வெக்கிறேன்” என்றேன். எதற்கும் சட்டென்று வாக்குக் கொடுக்கிற ஆள் நான். கொடுத்த மறுநிமிடம் பயம் வந்துவிடும். கப்பல் ஒருமுறைதான் கிளம்பும். இன்னொரு தரம் கிளம்பிக் காட்டு என்று கேட்க முடியாது. அந்த ஒரு அரைமணி நேரத்தை விட்டால் அவள் கேட்டது போச்சு.

அந்தக் கலக்கத்தோடு போய் எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரிடம் ஆலோசனை கேட்டேன். பென்னலூர்க்காரன், என் வயதுதான், என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்தவன். கப்பலை அவன் தூரத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் கப்பல் பயணம் பற்றி போனில் வருகிற வீடியோ அத்தனையும் பார்த்திருந்தான். பார்க்காத விஷயத்தில்தான் அவனுக்கு அறிவு அதிகம்.

“மொத நாளுதாம்பா எல்லாம்” என்றான். “மொத நாள வுட்டியானா அடுத்த நாள் நீ கப்பல்ல இல்ல, கூட்டத்துலதான் கீற. தபாரு, பெரிய பொட்டி ரூமுக்கு வர சாயங்காலம் ஆவும். மாத்து துணிய கைப்பையில வெச்சிக்க. ஏறினவொடனே எல்லாரும் கீழ இருக்கிற பெரிய ஓட்டலுக்கு ஓடுவான். நீ ஓடாத. மேல ஒண்ணு காலியா இருக்கும். சாப்புட்டுட்டு நேரா போய் எடம் புடி.”

“எந்த எடம்?”

“கப்பல் முன்னால போவும். அப்ப கரை எங்க போவும்? பின்னால. எல்லாரும் முன்னாடி போய் நிப்பான், நீ பின்பக்கத்து கம்பியாண்ட நில்லு. ரெண்டு நாற்காலி போட்டிருப்பான், அத வளைச்சுப் போடு.”

“எப்படி வளைக்கிறது?”

“இன்னாப்பா, கம்பெனி பஸ்ல எப்படி வளைக்கிற? ஜன்னல் வழியா டிபன் பைய வீசுவ இல்ல, அதான்.”

அன்று ராத்திரியே திட்டம் தயார் செய்தேன். ஆலையில் புது மெஷின் இறக்கும்போது போடுவதைப் போல, பத்து பத்து நிமிடமாகக் கட்டம் போட்டு, யார், என்ன, எங்கே என்று எழுதினேன். ‘யார்’ என்ற பத்தியில் என் பெயரே முப்பது இடத்தில் வந்தது. மனைவிக்கு ஒரே ஒரு கட்டம்: மாலை ஐந்து மணி, பின்பக்கக் கம்பி, பார்த்தல். அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

“இதுல மூச்சு வுடற கட்டம் எங்க கீது?”

“அது எல்லா கட்டத்துலயும் சேர்ந்து வரும்.”

“டீ பிரேக்காவது போட்டீங்களே” என்று சொல்லிவிட்டு அந்தத் தாளின் மேல் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்தாள்.

புறப்பட்ட நாளன்று துறைமுகத்துக்கு ஒன்பதரைக்கே போய்விட்டோம். ஏற்றுவது பதினொன்றரைக்குத்தான். வாசலில் இருந்த காவலாளி, “கப்பலே இன்னும் எழுந்திரிக்கலை சார், போய் டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். டீ குடிக்கப் போனால் வரிசையில் இடம் போய்விடும் என்று நான் நின்றேன். வரிசை என்று அங்கே எதுவும் இல்லை. நான் நின்ற இடத்திலிருந்துதான் அது ஆரம்பிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் அது எதிர்ப்பக்கத்துக் கதவிலிருந்து ஆரம்பித்தது. நாங்கள் எழுபதாவதோ எண்பதாவதோ.

உள்ளே போனதும் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார்கள். அறைக் கதவுக்கும் சாப்பாட்டுக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான். கழுத்தில் அட்டை விழுந்ததும் என் உடம்பு ஷிஃப்டுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. நடை வேகமானது, கண் எங்கே எண்ணெய் கசிகிறது என்று தேடியது. படிக்கட்டில் ஏறும்போது கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன். “உல்லாசமா வந்திருக்கோம், உல்லாசமா ஏறுங்க” என்றாள் மனைவி.

மேலே இருந்த சாப்பாட்டுக்கூடம் ஸ்டோர்ஸ்காரன் சொன்னது போலக் காலியாக இல்லை. அதே வீடியோவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வகைவகையாக அடுக்கியிருந்தார்கள். திட்டப்படி முப்பது நிமிடத்துக்குள் எல்லாவற்றிலும் ஒரு வாய். பதினாறாவது வகையில் எனக்கு வியர்த்தது. மனைவி ஒரு கிண்ணம் தயிர்சாதமும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கன்டெய்னர்களைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் எங்கள் ஆலை வளைத்த இரும்பும் இன்னொன்றில் அவள் பார்த்து அனுப்பின கண்ணாடியும் இருக்கலாம். அவைகூட வாய் திறக்காமல்தான் கப்பல் ஏறுகின்றன.

இரண்டு மணிக்கு நான் மட்டும் இடம் பிடிக்கப் போனேன்.

மேல் தளத்தின் பின்பக்கம், நினைத்ததைவிட நல்ல இடம். அரைவட்டமாகத் தடுப்புக் கம்பி. அதன் முன்னால் இரண்டு சாய்வு நாற்காலி, எங்களுக்காகவே போட்டது போல. ஆனால் டிபன் பை இல்லை, பணம் இருக்கிற கைப்பையை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. துண்டு அறையில் இருந்தது, அறைக்கு இன்னும் அனுமதி இல்லை. கைக்குட்டையை வைத்துப் பார்த்தேன். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டது. செருப்பை வைக்கலாமா என்று யோசித்தேன். வெறுங்காலோடு இந்தத் தளத்தில் நடந்தால் காவலர்கள் என் கழுத்து அட்டையைப் பறித்துவிடுவார்கள் என்று தோன்றியது. அதற்குள் ஒரு குடும்பம், தாத்தா முதல் கைக்குழந்தை வரை, அந்த நாற்காலிகளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

பதற்றத்தில் என் கை தானாகப் பைக்குள் போனது. கைப்பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் எப்போதும் கிடக்கிற நாலு மஞ்சள் அட்டைகளும், அவற்றைக் கட்டுகிற பிளாஸ்டிக் கேபிள் டை ஒரு கட்டும் கையில் சிக்கின. ஆலைக்குக் கொண்டுபோகிற பையைத்தான் கடலுக்கும் கொண்டுவந்திருந்தேன்.

நாற்காலியில் கட்ட இடமில்லை, முழுதும் வழவழ பிளாஸ்டிக். அதனால் அதன் முன்னால் இருந்த கம்பியில் கட்டினேன். கட்டிவிட்டுப் பேனாவை எடுத்து, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், என் பெயர், பிரிவு மெயின்டனன்ஸ், நேரம் இரண்டு பத்து, காரணம் ‘வேலை நடக்கிறது’ என்று தமிழில் எழுதி, கையெழுத்தும் போட்டேன். குற்றம் செய்பவன் தன் முழுப்பெயரையும் எழுதி வைத்துவிட்டு வருவது எங்கள் பிரிவின் தனிச்சிறப்பு.

வந்துகொண்டிருந்த குடும்பம் அட்டையைப் பார்த்தது. தாத்தா, “ஆபத்தாம்டா” என்றார். கூட்டமாக ஒரு அடி பின்வாங்கி, திரும்பிப் போனது. நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் கப்பலின் சொந்தக்காரன் என்று நினைத்திருப்பீர்கள்.

மூன்றரைக்கு ஒத்திகை. கப்பலுக்கு ஏதாவது ஆனால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று சொல்லித் தருவார்கள், எல்லோரும் வந்தே ஆக வேண்டும். சங்கு ஊதியது. ஆலையில் சங்கு ஊதினால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும், மெயின்டனன்ஸ்காரன் மட்டும் உள்ளே ஓட வேண்டும். என் கால் அதைத்தான் செய்தது. கூட்டம் ஒரு பக்கம் போக, நான் எதிர்ப்பக்கம் சத்தம் வந்த திசையில் பத்தடி போய்விட்டேன். மனைவி என் கழுத்து அட்டையின் நாடாவைப் பிடித்து, மாட்டைத் திருப்புவது போலத் திருப்பினாள்.

“எங்க போறீங்க?”

“இன்னா ஆச்சுன்னு பாக்க.”

“ஒண்ணும் ஆவல. ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க நிக்கணும்னுதான் சொல்லிக்கினு இருக்காங்க. நில்லுங்க.”

நின்றோம். நாலு மணி தாண்டித்தான் விட்டார்கள். அவள் கூந்தலைச் சரிசெய்துகொண்டாள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள், தூரத்துக்கான கண்ணாடி. இதற்காகவே புதிதாகப் போட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

மேல் தளத்துக்குப் போனோம். பின்பக்கம் திரும்பியதும் எனக்குக் காலடியில் தளம் நழுவியது. கப்பல் இன்னும் அசையவில்லை.

அந்த அரைவட்டக் கம்பி முழுவதையும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, சிவப்பும் வெள்ளையுமாகக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே ஆள் யாரும் இல்லை. என் இரண்டு நாற்காலி. கம்பியில் என் மஞ்சள் அட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள வெள்ளை உடுப்பில் ஒரு ஆள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனம் நெருக்கியடித்தது. பக்கவாட்டுக் கம்பிகளில் ஏற்கனவே மூன்று வரிசை நின்றது, முதல் வரிசை தவிர யாருக்கும் அடுத்தவர் முதுகுதான் தெரியும்.

நான் நாற்காலிக்காகக் கட்டினேன். அவர்கள் அதைக் கம்பிக்காகக் கட்டியதாக எடுத்துக்கொண்டார்கள். கம்பி ஆபத்து என்றால், கம்பியில் சாய்கிற எல்லோரும் கடலில். என் ஆலையில் இதைச் சரியாக இப்படித்தான் செய்திருப்பேன். குறை சொல்ல இடமே இல்லை.

எங்களுக்குப் பக்கத்தில் கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் பொருமிக்கொண்டிருந்தார். “இம்மாம் பெரிய கப்பல் வுடறான், ஒரு கம்பிய ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல. எந்த முண்டம் இத இப்ப போய் ரிப்பேரு போட்டான்னு தெரியல.”

“மெயின்டனன்ஸ் சரியில்ல சார்” என்றேன் நான். வாயில் தானாக வந்துவிட்டது. “இந்த மாதிரி ஆளுங்களையெல்லாம் வேலைக்கு வெச்சா இப்டித்தான்.”

“கரெக்டா சொன்னீங்க.”

மனைவி புதுக் கண்ணாடி வழியாக அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த அட்டை தெரியும். எங்கள் வீட்டு மிக்ஸியில் ஒருமுறை ஒரு மாதம் தொங்கியது. நான் கழற்றும்வரை அவள் அம்மியில் அரைத்தாள்.

“ஏங்க. அது உங்களுதா?”

“சேச்சே.”

“கையெழுத்து உங்களுது மாதிரி கீதே.”

“இவ்ளோ தூரத்துல இன்னா தெரியும் உனக்கு?”

“கண்ணாடில மயிரளவு கீறலு இருந்தா நான் பாத்துடுவேன். அதுக்குத்தான் எனக்கு சம்பளம்.”

நான் கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நகர்ந்தேன். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து யோசித்தேன். ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? முதலில் கப்பலை விட்டு இறக்குவார்கள். அப்புறம் ஆலைக்குச் சொல்வார்கள். பாதுகாப்புப் பரிசு வாங்கினவன் பாதுகாப்பு அட்டையை வைத்து நாற்காலி பிடித்தான் என்று அடுத்த பாதுகாப்பு வாரத்தில் என்னையே படமாகப் போட்டு வகுப்பு எடுப்பார்கள். ஸ்டோர்ஸ்காரன் ஓய்வு பெறும்வரை இதைச் சொல்லிச் சாப்பிடுவான். ஒத்துக்கொள்ளாவிட்டால்? ஒன்றும் ஆகாது. யாரோ போட்டது. கப்பல் போகும். இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். கணக்குப் பார்த்தால் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் லாபம். நான் நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது மனைவி படிக்கட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

“எங்க போற?”

“ரூமுக்கு. அங்க டிவியில கப்பல் கேமராவுல வர்றத காட்டறாங்களாம். பக்கத்துல நின்ன அம்மா சொல்லுச்சு. அதுல பாத்துக்கலாம், பரவால்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வேலையில் ஒரு கண்ணாடியில் கீறலைப் பார்த்தால் சத்தமில்லாமல் எடுத்துத் தனித் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுப்பாளாம், அப்படி.

மணி நாலு நாற்பது. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கயிற்றிடம் போய், வகுப்பில் பையன்கள் தூக்குவது போலக் கையைத் தூக்கினேன்.

“அந்த டேக் என்னுது.”

வெள்ளை உடுப்புக்காரருக்குத் தமிழ் தெரியவில்லை. என் கையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸில் யாரையோ கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் இன்னொருவர் வந்தார். கப்பலின் பாதுகாப்பு அதிகாரி. நாற்பது வயது இருக்கும், தூத்துக்குடிக்காரர். பேச்சிலேயே தெரிந்தது.

“சார், இதுல தமிழ்ல எழுதியிருக்குன்னுதான் என்னைக் கூப்பிட்டாவ. ஒன்றரை மணி நேரமா எங்க மெயின்டனன்ஸ் ஆளுகளை ஒவ்வொருத்தனா நிறுத்தி வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கோம். நீங்க எந்த செக்‌ஷன்?”

“நான் பேசஞ்சர்.”

அவர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார். அப்புறம் என்னை.

“கம்பியில என்ன கோளாறு கண்டீங்க?”

“கம்பி நல்லா இருக்கு.”

“பொறவு?”

“எடம் புடிக்க கட்டினேன். நாற்காலிக்கு.”

கூடுவாஞ்சேரிக்காரர் இரண்டடி பின்னால் நின்று முழுதும் கேட்டுக்கொண்டிருந்தார். “இவரா அந்த ஆளு” என்று தன் வீட்டாரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“சரி, அறுத்துடறேன்” என்று நான் கயிற்றைத் தூக்கினேன்.

“நில்லுங்க. கட்டினவருதான் எடுக்கணும், அது சரி. ஆனா எதுக்குக் கட்டினாருன்னு எழுதி வாங்காம எடுக்க விடமாட்டேன். கம்பியையும் சோதிச்சுப் பாத்து, மேல சொல்லி, அவங்க சரின்னாதான் கயிறு அவுப்போம். எங்க ரூல் அப்படி.”

“எங்க ரூலும் அதான்” என்றேன். வேறென்ன சொல்ல? அந்த வருடத்தின் சிறந்த யோசனை அது.

“சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். கூட யாரு வந்திருக்கா?”

நான் திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டில் இரண்டு படி இறங்கி நின்றிருந்த மனைவி ஏறி வந்தாள். அவர் அவளுக்காகக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். அவள் குனிந்து உள்ளே வந்தாள். நேராகக் கம்பிக்கு எதிரில், கை வைக்காமல், ஓரடி தள்ளி நின்றாள்.

“அம்மா, அவனுவ சோதிச்சதும் தாராளமா புடிச்சுக்கிடுங்க” என்றார் அதிகாரி.

இரண்டு பேர் கம்பியை இழுத்தும் உதைத்தும் பார்த்தார்கள். அது அசையவில்லை. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு பலகையும் படிவமும் கையில் கொடுத்தார்கள். நான் ஆசைப்பட்ட அதே நாற்காலி. அது கூட்டத்தைப் பார்த்துத் திருப்பியிருந்தது. கரை என் முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு எதிரே கயிற்றை ஒட்டி இருநூறு பேர், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு. யாரோ போனைத் தூக்கினார்கள். நான் குனிந்து பெயரும் அறை எண்ணும் எழுதினேன், காரணத்தை எழுத அதிகாரி படிவத்தை வாங்கிக்கொண்டார்.

அப்போது கப்பலின் சங்கு ஊதியது. நாற்காலி உதறியது. அது இன்ஜின்.

“கீழ கம்பத்துலேர்ந்து கப்பல் கயித்த அவுத்துட்டாங்க” என்றாள் மனைவி, முதுகுக்குப் பின்னாலிருந்து.

நான் திரும்பப் போனேன். அதிகாரி பேனாவால் படிவத்தைத் தட்டினார். “இங்க பாருங்க சார். ஏன் கட்டினீங்க?”

“எடம் புடிக்க.”

“ஏன் எடம் புடிக்கணும்?”

“வூட்டுக்காரம்மா கரைய பாக்கணும்னாங்க.”

“தள்ளிப் போவுது” என்றாள் அவள். “நடுவுல தண்ணி தெரியுது. மொதல்ல ஒரு முழம் இருந்துச்சு, இப்ப ஒரு ரோடு அகலம்.”

“அதுக்கு நேரத்துக்கு வந்து நின்னா போதாதா? ஏன் முன்னாலயே புடிக்கணும்?”

“கெடைக்காம போயிடும்னு பயம்.”

இந்த ஏன், ஏன், ஏன் எனக்குப் புதிதில்லை. ஒரு மெஷின் நின்றால் ஐந்து தடவை ஏன் கேட்டால் வேர் கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்து ஆலைகளில் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிற பாடம். நான் எத்தனையோ பையன்களை இப்படி உட்காரவைத்துக் கேட்டிருக்கிறேன். மூன்றாவது ஏனில் அவர்கள் ஏன் தலையைச் சொறிகிறார்கள் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

“கிரேனெல்லாம் சின்னதாயிடுச்சு” என்றாள். “லைட் ஹவுஸ் தெரியுது. சூரியன் அதுங்க பின்னால கீது, அதனால கட்டடம் எல்லாம் கறுப்பா வரிசையா நிக்குது. பீச்சுல ஜனங்க கீறாங்க, எறும்பு மாதிரி கூட இல்ல, மண்ணு நெறம் மாறின மாதிரி.”

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கழுத்து நரம்பு இழுத்தது.

“ஏன் பயம்?” என்றார் அதிகாரி. நாலாவது.

“எப்பவும் அப்படித்தான் சார். பஸ்ல எடம், கேன்டீன்ல எடம், எல்லாம் முன்னாடியே போட்டு வெச்சுதான் பழக்கம்.”

எழுதிக்கொண்டார். “ஏன் பழக்கம்?”

ஐந்தாவது. நான் அதிகாரியைப் பார்த்தேன், கூட்டத்தைப் பார்த்தேன். “தெரியல சார்” என்றேன்.

“தெரியலன்னு எழுதப்புடாதுல்லா. நீங்களே மெயின்டனன்ஸ். உங்க ஆளு அப்படிச் சொன்னா விடுவீங்களா?”

விடமாட்டேன். ஷிஃப்ட் முடிந்தாலும் விடமாட்டேன்.

மனைவி திரும்பாமலேயே சொன்னாள். “அவுருக்கு சும்மா நிக்கத் தெரியாது சார். அத எழுதிக்கோங்க.”

அதிகாரி அப்படியே எழுதினார். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினார், பிறகு கம்பியருகே போய் அவளிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அவள் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுக்காமல், தாளைப் பார்க்காமலே போட்டாள். அவர் வயர்லெஸ்ஸில் ஏதோ பேசினார். “இப்ப எடுங்க” என்றார். நான் கேபிள் டையை வெட்டி அட்டையை எடுத்தேன். “இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?” என்று கேட்டு மீதி மூன்றையும் வாங்கிக்கொண்டார். இறங்கும்போது தருவதாகச் சொன்னார். கப்பலை விட்டு இறக்குவது பற்றி யாரும் பேசவில்லை. கடலுக்குள் வந்த பிறகு எப்படி இறக்குவது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயப்படுகிறவனுக்கு அந்தச் சின்னக் கணக்குகூட வராது.

சிவப்பு வெள்ளைக் கயிற்றை அவிழ்த்தார்கள். ஜனம் திமுதிமுவென்று கம்பிக்கு வந்தது. கூடுவாஞ்சேரிக்காரர் என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் போய் நின்றார். அவர் செய்ததில் நியாயம் இருந்தது. நான் மனைவியின் தோளுக்குப் பின்னால் ஒரு இடுக்கில் நின்று எட்டிப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் பென்சிலால் இழுத்தது போல ஒரு கோடு. அதில் ஒரு இடத்தில் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

“அது லைட் ஹவுஸா, கிரேனா?”

“ரெண்டும் போயி பத்து நிமிசம் ஆவுது.”

“முழுசா பாத்தியா நீ?”

“பாத்தேன். கீழ கயிறு கட்டியிருந்த கம்பத்துல ஆரம்பிச்சு பாத்தேன். ஒண்ணு வுடல.”

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்தாள். உப்புக் காற்று அதில் படிந்திருந்தது. திரும்பப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தாள். என் திட்டப்படி இப்போது ஆறாவது தளத்தில் ஒரு நிகழ்ச்சி, அதற்கு முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டும். என் கால் ஒருதரம் அந்தப் பக்கம் திரும்பியது. கூடுவாஞ்சேரிக்காரரின் பேரன் அந்த இடத்துக்குள் புகுந்துவிட்டான், திரும்ப நகர முடியவில்லை.

“எனக்கு ஒண்ணுமே தெரியல” என்றேன். “நீ அங்க சொல்லிக்கினு இருந்தியே, பாதிதான் காதுல வுழுந்துச்சு. இந்தாளு ஏன் ஏன்னு கேட்டுக்கினே இருந்தான்.”

“இப்ப இன்னா பண்ணணும்ங்கறீங்க?”

“மறுபடி சொல்லு. மொதல்லேர்ந்து.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உண்மையாகத்தான் கேட்கிறேனா என்று ஒரு கீறல் தேடுகிற பார்வை. அப்புறம் மறுபடி கடல் பக்கம் திரும்பி, கம்பியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டாள்.

“மொதல்ல கீழ ஒருத்தன் நின்னான், ஆரஞ்சு சட்டை போட்டுகினு. பெரிய கயிறு, அவன் தொடை மொத்தம் இருக்கும். அத கம்பத்துலேர்ந்து தூக்கி தண்ணில போட்டான். போட்டுட்டு மேல பாத்தான். நான் கை காட்டினேன்.”

“அவன் காட்டினானா?”

“இருங்க, வரேன்” என்றாள்.